கார்டு பழசு, கர்னல் புதுசு

கிணத்துக்கடவில் இருக்கும் தங்கச்சி வீட்டுக் கம்ப்யூட்டர் 2009இல் காந்திபுரம் நூறடி ரோட்டில் அசெம்பிள் செய்து வாங்கியது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு இனி அப்டேட் கிடையாது என்று 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் கையை விரித்தபோது, நான்தான் அதில் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அதற்குத் தலைவலி வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் பழி எனக்குத்தான்.

போன மாதம் மருமகன் போன் செய்தான். "மாமா, அப்டேட் குடுத்தேனுங்க. இப்ப ஸ்க்ரீன் கறுப்பாவே நிக்குதுங்க. ஃபார்மட் பண்ணிப்போடட்டுங்களா?"

பின்னாலிருந்து மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "மோட்டார் ஓடலைன்னா எடுத்தவொடனே போர்ல இருந்து மோட்டாரைத் தூக்குவியாடா? மொதல்ல ஸ்டார்ட்டரப் பாரு. ஃபியூசப் பாரு."

அவர் தென்னந்தோப்புக்காரர். லினக்ஸ் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கிராஃபிக்ஸ் டிரைவர் சிக்கலைப் பார்க்க வேண்டிய வரிசை அதேதான்.

திரையில் படம் வருவது எத்தனை பெரிய வேலை என்று முதலில் பார்த்துவிடலாம். அந்த வீட்டு மானிட்டரில் குறுக்கே 1366, நெடுக்கே 768 புள்ளிகள். பெருக்கினால் பத்து லட்சத்துக்கும் மேல். நொடிக்கு 60 தடவை மொத்தத் திரையும் புதுப்பிக்கப்படுகிறது. ஆக நொடிக்குச் சுமார் 6 கோடியே 29 லட்சம் புள்ளிகள். இதைச் செய்வதற்கென்றே இருப்பது கிராஃபிக்ஸ் சிப். அதற்குக் கட்டளை போடும் மென்பொருள்தான் டிரைவர். லினக்ஸில் இதற்கு இரண்டு பாதி உண்டு. மானிட்டர் எந்த அளவில், எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் பாதி, இயங்குதளத்தின் மூளையான கர்னலுக்குள் இருக்கிறது. ஜன்னல், வீடியோ, விளையாட்டு என்று படம் வரையும் பாதி வெளியே இருக்கிறது. பெரும்பாலும் அது மேசாதான். பிரையன் பால் என்பவர் 1993இல் தொடங்கிய வேலை அது, இன்றும் வளர்கிறது. இரண்டில் ஒன்று படுத்தாலும் திரையில் தெரிந்துவிடும். ஆனால் தெரிகிற விதம் வேறு. கர்னல் பாதி விழுந்தால் கறுப்புத் திரை, அல்லது எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக ஒரு அரைகுறைத் திரை. மேசா பாதி விழுந்தால் படம் வரும், ஆனால் வரையும் வேலை பிராசசர் தலையில் விழுந்திருக்கும். எல்எல்விஎம்பைப் என்ற மாற்று ஏற்பாடு அது. யூடியூப் திக்கும், ஃபேன் ரைஸ் மில் மாதிரி இரையும்.

ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். மருமகன் பவர் பட்டனை அழுத்தினான். லினக்ஸ் ஏறுவதற்கு முன் ஓடும் பயாஸின் எழுத்துகள் வெள்ளையாக, சுத்தமாக வந்தன. இதைக் கவனிக்காமல் விடக் கூடாது. அந்த முதல் எழுத்துகளிலேயே கோடோ புள்ளியோ கண்டபடி நிறமோ தெரிந்தால் டிரைவரைத் திட்டிப் பயனில்லை. அப்போது எந்த டிரைவரும் ஏறியே இருக்காது. கார்டு சூடாகியிருக்கும், அல்லது கெப்பாசிட்டர் வீங்கியிருக்கும். சோமனூர்ப் பக்கம் தறி ஓடும் வீட்டில் ஒரு கார்டைத் திறந்தபோது, ஃபேனைச் சுற்றிப் பஞ்சு மெத்தைபோல அடைந்திருந்தது. பிரஷ்ஷால் தட்டியதும் சரியாகிவிட்டது.

எழுத்துகள் போய்த் திரை கறுத்தது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். மூலையில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு ஒரு வரி வந்தது. "உசுரோடதான் இருக்குங்களா!" என்றான். மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. படம் காட்டுகிறவன் மட்டும் வரவில்லை. மறுபடி பூட் செய்து, எந்தக் கர்னலில் தொடங்குவது என்று கேட்கும் கிரப் மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தேன். டெஸ்க்டாப் சொல்லிவைத்தாற்போல் வந்து நின்றது. அப்போதே நோய் பிடிபட்டுவிட்டது.

அந்த வீட்டில் இருப்பது என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 9400 ஜிடி. அதற்கு நிறுவனமே எழுதிய டிரைவர் 340 என்ற வரிசை. கடைசிப் பதிப்பு 340.108, வந்தது 2019 டிசம்பரில். அதோடு சரி. கர்னலோ ஆண்டுக்கு ஐந்தாறு தடவை புதிதாகிறது. அதன் உள்வேலைப்பாடுகள் மாறாது என்று கர்னல்காரர்கள் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. கர்னலுக்குள்ளேயே இருக்கும் டிரைவரென்றால், ஒன்றை மாற்றுகிறவரே அதையும் சேர்த்துத் திருத்திவிடுவார். வெளியே இருக்கும் டிரைவரை அதன் சொந்தக்காரர்தான் திருத்த வேண்டும். சொந்தக்காரர் கடையைச் சாத்திவிட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு புதுக் கர்னலுக்கும் அந்த டிரைவரைக் கட்டிப் பார்க்கும் ஏற்பாடு ஒன்று பின்னணியில் ஓடும். ஒருநாள் கட்ட முடியாமல் பிழைச் செய்தியை எழுதிவைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். அடுத்த தடவை கம்ப்யூட்டரைப் போடும்போது கறுப்புத் திரை.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2012 ஜூனில் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில், கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டி என்விடியாவைத் திட்டியது உலகப் பிரசித்தம். மேடை நாகரிகம் கெட்டதுதான், ஆனாலும் கோபத்தில் நியாயம் இருந்தது. இன்டெல் தன் டிரைவரைக் கர்னலுக்குள்ளேயே வளர்த்தது. ஏஎம்டி 2007இல் தன் சிப்புகளின் ஆவணங்களைத் திறந்துவிட்டது. என்விடியாவோ 2022 மே மாதம்தான் கர்னல் பாதியைத் திறந்தது. அதுவும் 2018 முதல் வந்த புதுத் தலைமுறைக் கார்டுகளுக்கு மட்டும். பழைய கார்டுக்காரர்களுக்கு மிச்சம் இருப்பது நோவோ. என்விடியா டிரைவர் கார்டுக்கு என்னென்ன கட்டளை போடுகிறது என்று ஒட்டுக்கேட்டு, அதை வைத்துத் தன்னார்வலர்கள் எழுதிய டிரைவர் அது. 2010 பிப்ரவரியில் கர்னலுக்குள் வந்தது.

நம் ஊர்க்காரர்களுக்கு லினக்ஸ் அந்நியமில்லை. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது பாஸ். முதல் வாரத்திலேயே அதை அழித்துவிட்டுப் படம் ஏற்றிக்கொண்ட பிள்ளைகள்தான் அதிகம். இப்போது அதே மடிக்கணினிகள் பரணிலிருந்து இறங்குகின்றன. என் கைக்கு வந்தவற்றில் இன்டெல் கிராஃபிக்ஸ் இருந்தவை, புது லினக்ஸ் ஏற்றியதும் ஒரு வார்த்தை பேசாமல் ஓடின. பழைய கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் தனி கார்டு இருக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம் என்பேன்.

திறந்த டிரைவரும் சாகாவரம் பெற்றதில்லை. 2000ஐ ஒட்டி வந்த ரேடியான் கார்டுகளின் டிரைவர்களை மேசா 2021 இறுதியில் தன் முதன்மைக் கிளையிலிருந்து இறக்கிவிட்டது. இருபது ஆண்டு தாங்கியதே, குறை சொல்ல மனம் வரவில்லை.

கிணத்துக்கடவுக்கு வருவோம். நோமோட்செட் என்ற ஒரு சொல்லைப் பூட் வரியில் சேர்த்தால் கறுப்புத் திரை போய்விடும் என்று மருமகனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். போகும்தான். அது கர்னல் பாதியைத் திரையில் கை வைக்காதே என்று தடுத்துவிடும். பயாஸ் கொடுத்துவிட்டுப் போன அரைகுறைத் திரையை வைத்துக் காலம் தள்ளலாம். உள்ளே போய்ப் பழுது பார்க்கிற மட்டும் அது சரி. அப்படியே விட்டுவிட்டால் கார்டு சும்மா கிடக்க, எல்லாவற்றையும் பிராசசரே வரையும். லினக்ஸ் மெதுவாக இருக்கிறது என்று புலம்புகிறவர்களின் மெஷினில் இந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

பழைய கர்னலில் இருந்தபடியே என்விடியா டிரைவரை முழுதாக நீக்கினேன். புதுக் கர்னலில் பூட் செய்தேன். மறுபடி கறுப்பு. பதிவேட்டைத் திறந்து படித்தால், இல்லாத என்விடியா டிரைவரையே தேடிக்கொண்டிருந்தது. டெஸ்க்டாப்பைத் திரைக்குக் கொண்டுவரும் எக்ஸ்11இன் கோப்புறையில் என்றோ எழுதப்பட்ட ஒரு அமைப்புக் கோப்பு. அதில் டிரைவர் என்ற இடத்தில் என்விடியா என்று ஒரே ஒரு வரி. நோவோவை வராதே என்று தடுக்கும் இன்னொரு கோப்பும் பக்கத்தில் இருந்தது. இரண்டையும் பெயர் மாற்றி ஒதுக்கிவிட்டு, பூட் படிமத்தைப் புதுப்பித்தேன். இந்தத் தடவை திரை எழுந்தது, ஆனால் 1024க்கு 768 என்று, முகமெல்லாம் அகலமாக.

இதற்கும் டிரைவர்தான் காரணம் என்று அரை மணி நேரம் வீணடித்தேன். பிறகுதான் கேட்டேன், "வயர மாத்துனியா?" மாற்றியிருந்தான். கறுப்புத் திரை வந்த அன்று, தேங்காய் குடோன் சிசிடிவியிலிருந்து விஜிஏ வயரைக் கழற்றி வந்து மாட்டிப் பார்த்திருக்கிறான். அதன் முனையைத் திருப்பிப் பார்த்தேன். 15 பின் இருக்க வேண்டிய இடத்தில் சில ஓட்டைகள் காலி. 12ஆவதும் 15ஆவதும் இல்லை. மானிட்டர் தன் அளவு, வேகம் எல்லாவற்றையும் 128 பைட்டில் எழுதி வைத்திருக்கும். கார்டு அதை வாசிப்பது அந்த இரண்டு பின் வழியாகத்தான். வாசிக்க முடியாதபோது எல்லா மானிட்டருக்கும் ஒத்துவரும் ஒரு அளவைக் கார்டு தானாக வைத்துக்கொள்ளும். பழைய வயரை மாட்டியதும் 1366 வந்துவிட்டது.

"கேம் மட்டும் மெதுவாப் போகுதுங்க மாமா" என்றான். நோவோவில் இந்தக் கார்டு முழு வேகம் எடுப்பதில்லை, அது தெரிந்ததுதான். சொன்னேன், முகம் சுருங்கியது. மாப்பிள்ளை சிசிடிவி வயரைச் சுருட்டிக்கொண்டு குடோனுக்குப் போனார். அங்கே அது நன்றாகத்தான் வேலை செய்கிறது; அந்தச் சிசிடிவிப் பெட்டி, மானிட்டரிடம் எதையும் கேட்பதில்லை.