எருமையின் தீவனமும் இறைச்சியின் தரமும்

கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில் உள்ள எல்லை ஊர்கள் பாறசாலையும் காரோடும். தமிழும் மலையாளமும் வழங்கும் இப்பகுதியில் எருமைக்கடாவைப் ‘போத்து’ என்பர். இது மலையாளத்திற்கு மட்டும் உரிய சொல் அன்று. எருமையின் ஆண் ‘போத்து’ எனப்படும் என்று தொல்காப்பிய மரபியலும் கூறுகிறது.

போத்து வளர்ப்போர்க்குப் பெருஞ்செலவு தீவனமே. மக்காச்சோளம் போன்ற தானியங்களை விலைக்கு வாங்க வேண்டும். அவற்றுக்கு மாற்றாக அப்பகுதியிலேயே விளைவது மரவள்ளி. குமரி மாவட்டத்தார் இதனை ‘மரச்சீனி’ என்பர். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இப்பயிரைப் பரப்பினார். 1963-இல் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது.

மரச்சீனியில் மாவுச்சத்து மிகுதி, புரதம் குறைவு. ஆகவே, அதனுடன் புண்ணாக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதன் பச்சை இலையிலும் தோலிலும் சயனைடு நஞ்சை உண்டாக்கும் பொருள்கள் உள்ளன. மிகுதியாகத் தின்ற கால்நடை இறக்கவும் கூடும். சீவி, வெயிலில் நன்கு உலர்த்தினால் நஞ்சு பெரிதும் குறையும்.

எருமையின் இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது. முதல் அறையில் வாழும் நுண்ணுயிரிகளே வைக்கோலைச் செரிக்க உதவுகின்றன. மாவுச்சத்து திடீரென மிகுந்தால் அங்கு அமிலம் பெருகி, விலங்கு நோயுறும். எனவே, புதிய தீவனத்தைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும்.

நல்ல தீவனம் உண்ட இளம் போத்தின் தசைநார்களுக்கிடையே சிறிது கொழுப்புப் படியும். இறைச்சி மென்மையாக இருக்கும். முதிர்ந்த எருமையின் இறைச்சியோ கடினமானது. எருமை, தீவனத்திலுள்ள கரோட்டினை வைட்டமின் ‘ஏ’-ஆக மாற்றிவிடுவதால் அதன் கொழுப்பு வெண்மையாக இருக்கும்.

தீவனம் மட்டும் தரத்தை முடிவு செய்வதில்லை. பசியாலும் நெடும்பயணத்தாலும் களைத்த விலங்கின் தசையில் சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்துவிடும். அதன் இறைச்சி கருத்து, விரைவில் கெடும். மாதக்கணக்கில் உழைத்து வளர்த்ததன் பயன் ஒரே நாளில் வீணாகும். விலங்கைத் துன்புறுத்தாமல் பேணுவது அறம்; வளர்ப்போர்க்கு ஆதாயமும் அதுவே.

சொற்பொருள்
கடா – ஆண் எருமை
புண்ணாக்கு – எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் சக்கை
பேணுதல் – பாதுகாத்தல்

வினாக்கள்
1. மரச்சீனியை உலர்த்திக் கொடுப்பது ஏன்?
2. புதிய தீவனத்தைப் படிப்படியாகக் கூட்டுவதன் காரணம் யாது?
3. தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் பொதுச்சொற்கள் ஐந்தினை எழுதுக.