அழைப்பவர் தருவதா, ஏற்பவர் தருவதா?

தொலைபேசியிற் பேச இருவர் வேண்டும். அப்பேச்சுக்குரிய கட்டணத்தை அவ்விருவருள் யார் கொடுப்பது என்பதிலோ நாடுகள் இன்றளவும் ஒருமனப்படவில்லை. மகளின் பிரசவத்திற்கெனவும், பேரப்பிள்ளையைக் காணவெனவும் அமெரிக்கா சென்று, அங்கே நிமிஷக் கணக்கில் கைபேசி வாங்கிப் பேசிய நம் சங்கத்துப் பெரியோர் சிலர் திரும்பி வந்ததும் கூறும் வியப்பு இதுவே: “வந்த அழைப்பை எடுத்ததற்கும் நம் கணக்கிலே கழிக்கிறார்களே!”

அதற்கொரு காரணம் உண்டு. அமெரிக்காவிலும் கானடாவிலும் கைபேசிக்கெனத் தனி எண் வரிசை வகுக்கப்படவில்லை. வீட்டுத் தொலைபேசிக்குரிய வட்டார எண்ணே கைபேசிக்கும் உண்டு. எண்ணைப் பார்த்து அது எவ்வகைத் தொலைபேசி என்று அழைப்பவர் அறிய இயலாதாகையால், அவர்மீது கூடுதல் கட்டணத்தைச் சுமத்துவது முறையன்று. கைபேசி வேண்டுமென்று வாங்கியவரே செலவைத் தாங்கட்டும் என்று வைத்தார்கள். இப்போது பெரும்பாலோர் வரம்பின்றிப் பேசும் மாதச் சந்தாவில் இருப்பதால் இவ்வழக்கத்தின் உறைப்பு அங்கே தெரிவதில்லை. ஐரோப்பாவில் முறை வேறு. பிரிட்டனில் 07 என்று தொடங்கினாலே அது கைபேசி என்பது தெரிந்துவிடும். அழைப்பவர் அறிந்தே அழைக்கிறார். ஆதலின் அவரே கட்டணம் தருகிறார்.

நம் தேசம் இவ்விரு வழிகளிலும் நடந்து பார்த்ததாகும். 1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து தில்லியில் மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே இந்நாட்டின் முதல் கைபேசிப் பேச்சு. அந்நாளில் நெருக்கடி வேளைகளில் நிமிஷத்திற்கு 16 ரூபாய்க்கும் மேல். வந்த அழைப்பை ஏற்றாலும் கட்டணம். கைபேசி வைத்திருந்த கனவான்கள் மணி அடித்ததும் எண்ணை மட்டும் பார்த்துத் துண்டித்துவிட்டு, எஸ்.டி.டி. கடையைத் தேடி ஓடிய காட்சி நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 2003ஆம் ஆண்டு மே முதல் நாள் அந்நிலை மாறிற்று. அழைப்பவரே தருவது என்ற விதி வந்தது, ஏற்பது இலவசமாயிற்று. ‘மிஸ்டு கால்’ என்னும் கலை இங்கே செழித்தது அதன் பின்னரே. ஒரு மணி அடித்தால் புறப்பட்டாயிற்று, இரண்டு அடித்தால் ரயில் ஏறியாயிற்று என்று, காசில்லாமலே ஒரு தந்தி முறையை நம் மக்கள் அமைத்துக்கொண்டார்கள்.

ஆயினும் ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு அந்த இலவசம் முழுமையாகக் கிட்டவில்லை. தொலைத்தொடர்பின் பொருட்டு நாடு பல வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தமிழ்நாட்டு எண்ணோடு மும்பைக்கோ தில்லிக்கோ வந்தவர், ஊரிலிருந்து தாயார் அழைத்தால் அதை ஏற்பதற்குத் தாமும் கொடுக்கவேண்டும். அவ்வகையில் வாங்கத்தக்க உச்சக் கட்டணம் 1 ரூபாய் 75 காசாக இருந்து, 2013இல் 75 காசாகவும், 2015இல் 45 காசாகவும் குறைக்கப்பட்டது. இதற்கு அஞ்சியே வந்த வாரத்திலேயே புது சிம் வாங்கி, ஊரார் அனைவருக்கும் புது எண்ணை எழுதி அனுப்பினோம். 2015 ஜூலை 3ஆம் நாள் முதல், எந்த மாநிலத்திற்குப் பெயர்ந்தாலும் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்று ஆனபோது, நம்மவர் பலருக்கு அந்தப் பழைய எண் கைவிட்டுப் போயிருந்தது.

இனி இன்றைய தொல்லைக்கு வருவோம். 2018ஆம் ஆண்டின் இறுதியில் நிறுவனங்கள் சில புதியதோர் ஏற்பாட்டைக் கொணர்ந்தன. குறித்த கெடுவுக்குள் குறைந்தபட்சத் தொகையேனும் ரீசார்ஜ் செய்யாவிடில், சில நாள்களில் வரும் அழைப்பும் நின்றுவிடும். யாரையும் அழைக்காமல், பிள்ளைகளின் அழைப்புக்காக மட்டுமே கைபேசி வைத்திருக்கும் முதியோர் இதனால் மீண்டும் ஏற்பதற்குக் கட்டணம் தருவோராயினர். பெயர்தான் வேறு. அதிலும் ‘மாதம்’ என்பது 28 நாள். ஆண்டுக்குப் பன்னிரண்டு அன்று, பதின்மூன்று முறை.

எம் தாயாரின் கைபேசி ஒருமுறை இரண்டு நாள் மௌனமாயிற்று. எத்தனை முறை அழைத்தும் மணி அடிக்கவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்தாரோ என்று இங்கே எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் எதிர்வீட்டாரைப் பிடித்துப் போய்ப் பார்க்கச் சொன்னால், அம்மையார் திண்ணையில் அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாராம். பிள்ளைகள் ஏனோ அழைக்கவில்லை என்ற மனத்தாங்கலுடன். கெடு முடிந்த செய்தி ஆங்கிலத்தில் வந்திருந்தது. அவர் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜனவரியில் இட்ட கட்டளைப்படி, ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் கெடுவுள்ள திட்டம் ஒன்றும், மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கத்தக்க திட்டம் ஒன்றும் வைத்திருத்தல் வேண்டும். இணைய வசதி கலவாமல், பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டமும் இருக்கவேண்டும் என்று 2024 டிசம்பரில் பணித்தது. அத்தகைய சிறப்புத் திட்டத்தின் கெடு 365 நாள் வரை இருக்கலாம் என்றும் இடமளித்தது. கடைக்காரர் இவற்றைத் தாமாக எடுத்துக் காட்டமாட்டார். பெயர் சொல்லிக் கேட்டு வாங்கவேண்டும். ஆறு மாதம் வெளிநாடு செல்வோரும் இங்குள்ள எண்ணை மறந்து போகலாகாது. 90 நாள் உபயோகமின்றிக் கிடந்த எண்ணைத் துண்டிக்க விதி இடம் தருகிறது. வங்கியின் ரகசிய எண் வந்து சேருவதும் அதற்குத்தானே?

எம் தாயாருக்கு இப்போது ஓராண்டுத் திட்டம் வாங்கியாயிற்று. கெடு நாளை இங்குள்ள நாள்காட்டியில் சிவப்பு மசியால் குறித்திருக்கிறோம். அவரோ ஐந்து நிமிஷம் ஆனதும், “போதும் வை, உனக்குக் காசு ஏறும்” என்கிறார்.