லெக்ஸஸ் எல்எக்ஸ்: பழைய வி8 வாங்குவதா, புது டர்போ வாங்குவதா?

அமெரிக்காவில் ஏழு பேர் உட்காரும் பெரிய லக்ஷரி எஸ்யுவியை செகண்ட் ஹேண்டில் தேடுபவர்கள் கடைசியில் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். 2021 மாடல் லெக்ஸஸ் எல்எக்ஸ் 570 வாங்குவதா, 2022 மாடல் எல்எக்ஸ் 600 வாங்குவதா? பழையதன் விலை லேசில் இறங்குவதில்லை. அதனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நாம் நினைப்பதை விடக் குறைவு. அப்படியானால் புதியதையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். விஷயம் அவ்வளவு எளிதில்லை.

முதலில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

எல்எக்ஸ் 570 என்பது லேண்ட் க்ரூஸர் 200-இன் லெக்ஸஸ் வடிவம். அமெரிக்காவில் 2008 மாடலில் இருந்து 2021 வரை விற்றது. உள்ளே 5.7 லிட்டர் வி8 பெட்ரோல் இன்ஜின். டர்போ கிடையாது. 383 குதிரைத்திறன், 546 நியூட்டன் மீட்டர் டார்க். 2016-இல் பெரிய முகமாற்றம் வந்தபோது 8 கியர் ஆட்டோமேட்டிக்கும், தானாக பிரேக் பிடிக்கும் வசதியும் சேர்ந்தன.

எல்எக்ஸ் 600 என்பது லேண்ட் க்ரூஸர் 300-இன் சகோதரன். இன்ஜின் 3.5 லிட்டர் வி6, இரட்டை டர்போ. 409 குதிரைத்திறன், சுமார் 650 நியூட்டன் மீட்டர், 10 கியர். சட்டகம் முழுக்கப் புதிது. எடை சுமார் 200 கிலோ குறைந்திருக்கிறது. ஆனால் முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் பழையபடி அதே 2,850 மில்லிமீட்டர்.

காகிதத்தில் புதியது எல்லாவற்றிலும் முந்துகிறது. அப்புறம் ஏன் இத்தனை பேர் பழையதைத் தேடிப் போகிறார்கள்?

இரண்டு வயதுகள்

என் பார்வையில் ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு வயது உண்டு. ஒன்று வண்டியின் வயது. இன்னொன்று அதன் வடிவமைப்பின் வயது. நாம் எப்போதும் முதலாவதை மட்டும் கேட்கிறோம்: "எந்த வருஷ மாடல்? எத்தனை மைல் ஓடியிருக்கு?"

வண்டிக்கு வயதானால் பழுது கூடும். வடிவமைப்புக்கு வயதானால் பழுது குறையும். மென்பொருள் எழுதுபவர்களுக்கு இது புதிதில்லை. 1.0 பதிப்பில் இருக்கும் பிழைகள் பயனர்கள் கையில் போன பிறகுதான் தெரியவரும். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய நிரலில் அனேகப் பிழைகள் திருத்தப்பட்டிருக்கும்.

2021 எல்எக்ஸ் 570-இல் இருப்பது அதன் தலைமுறையின் கடைசி வருஷ வடிவம். அந்த வி8 இன்ஜின் 2007 மாடல் டொயோட்டா டண்ட்ராவிலேயே வந்துவிட்டது. அதாவது, வண்டி இளசு, வடிவமைப்பு பழுத்தது. 2022 எல்எக்ஸ் 600-இலோ வண்டியும் இளசு, வடிவமைப்பும் இளசு. 2008 எல்எக்ஸ் 570-ஐ எடுத்தால் வண்டியே கிழம், அதுவும் முதல் வருஷ வடிவம். "பழைய தலைமுறைதான் உறுதி" என்று பொதுவாகச் சொல்பவர்கள் 2008-ஐயும் 2021-ஐயும் ஒரே தராசில் வைக்கிறார்கள்.

நடந்தது என்ன?

இது வெறும் தத்துவம் இல்லை. 2024 மே மாதம் டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 1,02,000 வண்டிகளை ரீகால் செய்தது. 2022, 2023 மாடல் டண்ட்ராக்களும் எல்எக்ஸ் 600-களும் அதில் அடக்கம். இன்ஜின் தயாரிப்பின்போது கடைசல் வேலையில் உதிர்ந்த உலோகத் துகள்கள் முழுதாகக் கழுவப்படாமல் உள்ளேயே தங்கியிருக்கலாம் என்பது காரணம். அவை கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங்கில் ஒட்டிக்கொண்டு, தொடர்ந்து பாரம் ஏறும்போது பேரிங்கைக் கெடுத்துவிடும். இன்ஜின் தட்டும், ஸ்டார்ட் ஆகாமல் போகும், அல்லது ஓடும்போதே நின்றுவிடும். 110 கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் டிரக் வரும்போது இன்ஜின் நின்றால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. 2025 நவம்பரில் இரண்டாவது ரீகால் வந்து, 2024 மாடல்கள் வரை பட்டியல் நீண்டது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "டர்போ வைத்தால் இப்படித்தான்" என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். அறிவிக்கப்பட்ட காரணத்தில் டர்போவுக்குப் பங்கே இல்லை. இது வடிவமைப்புப் பிழை அல்ல, தொழிற்சாலைச் சுத்தத்தின் பிழை. நிரல் சரி, அதைக் கட்டி அனுப்பிய வழியில் கோளாறு என்பது மாதிரி. ரீகாலில் இருக்கும் எல்லா வண்டியும் பழுதாகும் என்றும் அர்த்தம் கிடையாது. ஆனால் வாங்குபவரால் எந்த வண்டியில் துகள் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. சிக்கலே அங்கேதான்.

பார்க்க முடிந்த பழுது, பார்க்க முடியாத பழுது

பழைய வி8-லும் பழுது உண்டு. கேம் டவர் இணைப்பில் எண்ணெய் கசியும். வாட்டர் பம்ப் ஒழுகும். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஹைட்ராலிக் சஸ்பென்ஷனில் வருஷம் போகப் போக வாயு உருண்டைகள் தளர்ந்து, சவாரி கட்டாந்தரை போல ஆகும். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களில் ஓடிய வண்டியின் அடிச்சட்டம் துருப்பிடிக்கும்.

இவை எல்லாமே கண்ணுக்குத் தெரிபவை. நல்ல மெக்கானிக் வண்டியை லிஃப்டில் ஏற்றி ஒரு மணி நேரம் பார்த்தால் பெரும்பாலும் சொல்லிவிடுவார். செலவையும் முன்கூட்டியே கணக்குப் போட்டு விலையில் பேரம் பேசலாம். ஆனால் அந்தச் செலவு முழுக்க உங்களுடையது.

புதியதன் பழுது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் செலவு கம்பெனியுடையது. அமெரிக்காவில் லெக்ஸஸ் வாரண்டி 4 வருஷம் அல்லது 50,000 மைல். இன்ஜின், கியர்பாக்ஸ் பகுதிக்கு 6 வருஷம் அல்லது 70,000 மைல். இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை. வண்டி கைமாறினாலும் மிச்ச வாரண்டி கூடவே வரும். பாதுகாப்பு ரீகால் என்றால் முதல் விற்பனையில் இருந்து 15 வருஷம் வரை இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்பது சட்டம்.

ஆக உண்மையான கேள்வி "எது உறுதி?" என்பதல்ல. "பழுது வந்தால் யார் பணம்?" என்பதுதான்.

பெட்ரோல் கணக்கு

அரசு மதிப்பீட்டின்படி எல்எக்ஸ் 570 காலனுக்கு 14 மைல், எல்எக்ஸ் 600 காலனுக்கு 19 மைல். வருஷம் 10,000 மைல் ஓட்டினால் பழையதுக்கு 714 காலன், புதியதுக்கு 526. மிச்சம் 188 காலன். காலன் 4 டாலர் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 750 டாலர் சொச்சம். நல்ல தொகைதான். ஆனால் வாரண்டி முடிந்தபின் ஒரு இன்ஜின் மாற்றும் செலவு இதைப்போலப் பல மடங்கு.

பாதுகாப்பையும் சேர்க்க வேண்டும். புதியதன் பிரேக் உதவி, மங்கிய வெளிச்சத்தில் நடப்பவர்களையும் பகலில் சைக்கிளில் வருபவர்களையும் கண்டுகொள்ளும்படி மேம்பட்டது. பழையதில் 2016-க்கு முந்தையதை வாங்கினால் தானாக பிரேக் பிடிக்கும் வசதி எல்லா வண்டியிலும் இருக்காது. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

என்னைக் கேட்டால்

பத்து வருஷம் வைத்திருக்கப் போகிறீர்கள், ஓட்டம் குறைவு, நம்பிக்கையான மெக்கானிக் இருக்கிறார் என்றால் எல்எக்ஸ் 570-இன் கடைசி மூன்று வருஷ மாடல்கள். உப்பு படாத மாநிலத்து வண்டியாகப் பாருங்கள். சஸ்பென்ஷனை முழுக்க ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

நாலைந்து வருஷத்தில் விற்றுவிடுவீர்கள் அல்லது தினமும் நீண்ட தூரம் ஓட்டுவீர்கள் என்றால் எல்எக்ஸ் 600. ஆனால் இன்ஜின் வாரண்டி, நீங்கள் வைத்திருக்கப் போகும் காலத்தின் பெரும்பகுதியையாவது மூட வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன் வண்டியின் 17 இலக்க வின் எண்ணை அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ தளத்தில் போட்டுப் பாருங்கள். ரீகால் பாக்கி என்று காட்டினால், அது முடிந்த பிறகுதான் பேச்சு. இன்ஜின் மாற்றிய வண்டி என்று கேட்டதும் ஓட வேண்டாம். ரீகாலில் மாற்றியதற்கு டீலரின் பதிவு இருந்தால், மாற்றாததை விட அதை நம்பலாம்.

இரண்டிலும் தவிர்க்க வேண்டியது ஒன்றுதான்: முதல் வருஷ வடிவம், வாரண்டியும் முடிந்தது. பார்க்க முடியாத பழுதும் உங்களுடையது, செலவும் உங்களுடையது. விலை எவ்வளவு இறங்கியிருந்தாலும் அது லாபம் இல்லை.