தாயார் செய்து கொடுத்த காதணி

பெண் பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு என்று கேட்கும் இல்லங்கள் இன்றும் உண்டு. அன்புத் தோழியரே, மணிப்பூர் மாநிலத்தின் நோங்போக் காக்சிங் என்னும் சிற்றூரில் ஓர் எளிய குடும்பம் வேறு விதமாக நினைத்தது. அவ்வீட்டின் ஆறு பிள்ளைகளுள் கடைக்குட்டிதான் எடைதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு.

பயிற்சி நிலையம் இருந்த இம்பால் நகரம் 20 கிலோமீட்டருக்கும் அப்பால். தினந்தோறும் பேருந்துக் கட்டணம் கொடுக்க வசதியில்லை. மணல் லாரிகளில் ஏறிச் சென்று பயின்றார். சிறு பெண்ணை லாரியில் அனுப்ப எந்தத் தாய்க்கும் நெஞ்சு படபடக்கும். அனுப்பினார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது! எடை தூக்குபவருக்குப் பாலும் இறைச்சியும் நிறைய வேண்டும். அவ்வீட்டில் அவை அன்றாடம் கிடைப்பவை அல்ல, இயன்றபோது கொடுத்தார்கள்.

2016-இல் தாயார் தம்மிடமிருந்த பொன்னையும் சேமிப்பையும் கொண்டு ஒலிம்பிக் வளையங்களைப் போன்ற காதணிகள் செய்து மகளுக்கு அணிவித்தார். அவ்வாண்டு ரியோவில் இரண்டாம் பிரிவின் மூன்று முயற்சிகளிலும் மகள் தோற்றார். "போதும், வீட்டோடு இரு" என்று எத்தனை வீடுகளில் சொல்லியிருப்பார்கள்! அவரோ 2017-இல் உலகப் போட்டியில் தங்கம் வென்றார். 2021-இல் டோக்கியோவில் 202 கிலோ தூக்கி வெள்ளிப் பதக்கம் பெற்றபோதும் காதில் அதே காதணிகள்.

எங்களுக்குப் பொன் வேண்டாம், பெற்றோர்களே. பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டுக் காலணியைப் பரண்மேல் ஏற்றிவிடாதீர்கள். மாலையில் ஒரு மணி நேரம் மைதானத்திற்கு விடுங்கள். அந்த நேரத்துப் பாத்திரங்களை அண்ணன்மார் துலக்கட்டுமே!