கணினியில் வாடிக்கையாளர் கணக்கு: ஒரு கடைக்கு ஒரு பெயர் போதும்

பேரேட்டில் கை எழுத்தாகக் கணக்கு வைத்திருந்த நாளில் ஒரு கடைக்காரருக்கு ஒரு பக்கம்தான். கணக்குப்பிள்ளைக்கு ஆளையும் தெரியும். இன்று டாலி போன்ற மென்பொருளில் பில் போடும் மொத்தக் கடைகளில் அந்த ஒரு பக்கம் இரண்டு மூன்றாகப் பிரிந்து கிடப்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை.

முருகன் ஸ்டோர்ஸ் என்ற சில்லறைக் கடை நம்மிடம் சரக்கு எடுப்பதாக வைத்துக் கொள்வோம். வழக்கமாகப் பில் போடுபவர் வராத நாளில் வேறொருவர் "ஸ்ரீமுருகன் ஸ்டோர்" என்று புதுக் கணக்கு திறந்து விடுகிறார். அச்சாக அதே பெயரை மென்பொருள் மறுபடி ஏற்காது. ஓர் எழுத்து மாறினால் ஏற்றுக்கொள்ளும். முதல் கணக்கில் கடன் வரம்பு 50,000 ரூபாய், பாக்கி 38,000. இரண்டாவதில் பாக்கி 27,000. ஆக 65,000 ரூபாய் வெளியே நிற்கிறது. மென்பொருள் எச்சரிக்கவில்லை, அதற்கு இவர்கள் இரண்டு பேர். வசூலுக்குப் போனால் "போன வாரமே கட்டிவிட்டேனே" என்கிறார். கட்டியதும் உண்மைதான், வரவு அடுத்த கணக்கில் ஏறியிருக்கிறது. பழகிய வாடிக்கையாளரிடம் இந்த வாக்குவாதம் தேவையா?

வரி விஷயம் இன்னும் கடுமை. ஜி.எஸ்.டி. எண்ணின் 15 இலக்கங்களில் முதல் இரண்டு மாநிலம் (தமிழ்நாடு 33, புதுச்சேரி 34), அடுத்த பத்து பான் எண். கடைசி இலக்கம் தட்டச்சுப் பிழையைக் காட்டிக் கொடுக்கும். ஆனால் வேறொருவரின் சரியான எண்ணைப் போட்டுவிட்டால் அது காட்டாது. உள்ளீட்டு வரி அந்த வேறொருவர் பக்கம் போய் நிற்கும், நம் வாடிக்கையாளர் நம்மிடம் வந்து நிற்பார். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள், ஆண்டுக் கணக்கு அதற்கு முன்பே தாக்கலானால் அதற்குள், திருத்திவிட வேண்டும். கடலூர் வியாபாரி புதுச்சேரிக் கடைக்குச் சரக்கு அனுப்பும்போது கணக்கில் மாநிலம் தமிழ்நாடு என்றிருந்தால், ஐ.ஜி.எஸ்.டி.க்குப் பதில் மத்திய, மாநில வரிகள் விழும். பிறகு சரியான வரியைக் கட்டிவிட்டு, தவறாகக் கட்டியதைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

புதுக் கணக்கு திறக்கும் உரிமையை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். அவர் பெயரை வைத்துத் தேடாமல் செல்போன் எண்ணையும் ஜி.எஸ்.டி. எண்ணையும் வைத்துத் தேடட்டும். எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டுப் பார்த்து, அங்குள்ள பெயரையே எழுதட்டும். நாம் கூப்பிடும் பெயரை மாற்றுப் பெயராகச் சேர்த்துக் கொள்ளலாம். அப்பாவும் மகனும் தனித்தனிப் பான் எண்ணில் கடை நடத்தினால் இரண்டு கணக்குதான். ஒருவரே ஒரே எண்ணில் இரண்டு கடை வைத்திருந்தால் ஒரு கணக்கு போதும், சரக்கு இறக்கும் விலாசம் மட்டும் வேறு.

ஏற்கெனவே பிரிந்து கிடப்பதை அழித்துவிட முடியாது. பில் ஏறிய கணக்கை டாலி அழிக்க விடாது. வாடிக்கையாளருடன் உட்கார்ந்து பாக்கியை ஒத்துப் பார்த்து, பில் வாரியாக ஒரே கணக்குக்கு ஜர்னல் பதிவு மூலம் மாற்ற வேண்டும். அதற்கு முன் இரண்டு கணக்கையும் அச்செடுத்து, டேட்டாவை பேக்கப் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். மார்ச் 31-க்குள் முடித்தால் புது ஆண்டின் ஆரம்பப் பாக்கி ஒரே இடத்தில் வந்து நிற்கும்.