கூரைக்கும் பாலத்துக்கும் நடுவே

பிரிட்டனில் ஓடும் இரட்டை மாடி பஸ்களின் உயரம் பொதுவாக 4.2 மீட்டரிலிருந்து 4.4 மீட்டர் வரை. சாலையைக் கடக்கும் பாலத்தின் அடியில் 5.03 மீட்டர், அதாவது 16 அடி 6 அங்குலம், இடைவெளி இருக்க வேண்டும் என்பது அங்கே பழைய கணக்கு. அதற்குக் குறைவான பாலங்களில் உயரத்தை எழுதிப் பலகை வைக்கிறார்கள். இப்படிப்பட்ட தாழ்வான பாலங்கள் அந்த நாட்டில் ஏராளம். பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டில் ரயில்பாதை போட்டபோது எழுந்தவை. அன்று அவற்றின் அடியில் போனவை குதிரை வண்டிகளும் வைக்கோல் வண்டிகளும்தான். பாலத்தை உயர்த்தினால் தண்டவாளத்தையும் இரு பக்கமும் வெகுதூரம் உயர்த்த வேண்டும். சாலையைத் தோண்டித் தாழ்த்தினால் மழைநீர் தேங்கும். அதனால் பெரும்பாலான பாலங்கள் கட்டிய உயரத்திலேயே நிற்கின்றன.

அந்த நாட்டு ரயில்பாதைகளைப் பராமரிக்கும் நெட்வொர்க் ரெயில் நிறுவனத்தின் பாலங்கள்மீது ஆண்டுக்கு 1,500க்கும் அதிகமான முறை வாகனங்கள் மோதுகின்றன. பெரும்பாலும் லாரிகள். பஸ்களின் பங்கு சிறிது. ஆனால் லாரியின் மேல்பகுதியில் இருப்பது சரக்கு, பஸ்ஸின் மேல்பகுதியில் இருப்பது மனிதர்கள்.

மாடியின் கூரை லேசான அலுமினியச் சட்டங்களால் ஆனது. மழையும் காற்றும் தாங்கும், இரும்பு உத்தரத்தைத் தாங்காது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பஸ் ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 மீட்டர் நகர்ந்துவிடும். பாலம் கூரையை முன்னிருந்து பின்னாகத் தகர டப்பாவின் மூடிபோல உரித்துக்கொண்டு போகும். முதலில் அடி வாங்குவது மாடியின் முன்வரிசை. சென்னையில் மாடி பஸ் ஓடிய நாட்களில் பயணம் செய்தவர்களுக்கு அந்த முன்வரிசை இருக்கைக்குச் சிறுவர்கள் எப்படி முண்டியடிப்பார்கள் என்பது நினைவிருக்கும். எந்த ஊரிலும் குழந்தைகள் தேடி ஓடும் இடம் அது. கீழே அமர்ந்திருக்கும் ஓட்டுநர் பல விபத்துகளில் கீறல்கூட இல்லாமல் இறங்கிவிடுகிறார்.

1994 செப்டம்பரில் கிளாஸ்கோ நகரின் வெஸ்ட் ஸ்ட்ரீட்டில், சாரணச் சிறுமிகளை ஏற்றி வந்த மாடி பஸ் ரயில் பாலத்தில் மோதியது. மூன்று சிறுமிகளும் அவர்களை அழைத்துச் சென்ற இரண்டு பெரியவர்களும் இறந்தார்கள். 2020 செப்டம்பர் 10 காலையில் வின்செஸ்டர் நகருக்கு அருகே பள்ளிக் குழந்தைகளோடு போன பஸ் பாலத்தில் மோதிக் கூரையை முழுவதும் இழந்தது. 15 பேர் காயமடைந்தார்கள், மூவருக்குப் பலத்த காயம். 2023 மே மாதத்தில் மறுபடியும் கிளாஸ்கோவில், குக் ஸ்ட்ரீட் பாலத்தில் ஒரு மோதல் நடந்தது.

தாழ்ந்த பாலங்களின் தொல்லையை பஸ் கட்டியவர்கள் தொடக்கத்திலேயே அறிந்திருந்தார்கள். 1927இல் லேலண்ட் நிறுவனம் கொண்டுவந்த டைட்டன் பஸ்ஸில் மாடியின் நடைபாதையை நடுவிலிருந்து ஓரத்துக்கு மாற்றிப் பள்ளமாக இறக்கினார்கள். இருக்கைகள் நான்கு நான்கு பேராக ஒரே நீள வரிசையில் அமைந்தன. இதனால் உயரம் ஏறக்குறைய ஓர் அடி குறைந்தது. ஆனால் அந்தப் பள்ளம் கீழ்த்தளத்தில் ஒரு பக்கத்தில் அமர்ந்தவர்களின் தலைக்கு மேலே தொங்கியது. எழும்போது தலையைக் குனியுங்கள் என்று இருக்கையின் முதுகில் எழுதி வைக்கும் நிலை வந்தது. 1949இல் பிரிஸ்டல் நிறுவனம் முன்மாதிரியாகக் காட்டிய லோடெக்கா வண்டி இந்தத் தொல்லையைத் தீர்த்தது. பின் அச்சையும் இயந்திரத் தண்டையும் தாழ்த்தி அமைத்து, கீழ்த்தளத்தையே தரைக்கு அருகில் இறக்கினார்கள். யார்க்‌ஷயரின் பெவர்லி ஊரிலோ பஸ்ஸின் கூரையையே பழைய நகரவாசலின் வளைவுக்கு ஏற்ப இரு பக்கமும் சரித்துச் செய்தார்கள். அந்த வாசலில் ஓட்டுநர் வண்டியை வளைவின் சரிபாதியில் நிறுத்திப் பிடித்துக் கடக்க வேண்டியிருந்தது. ஓர் ஓரமாகப் போனால் கூரை உரசும்.

வளைவுப் பாலங்களில் இந்தச் சிக்கல் இன்றும் இருக்கிறது. நடுவில் போதிய உயரம், ஓரத்தில் இல்லை. அதனால் பலகைகளும் இரண்டு வகை. சிவப்பு வட்டத்தில் உயரம் எழுதியிருந்தால் அதற்கு மேற்பட்ட வண்டி போகக் கூடாது என்று பொருள். மீறினால் குற்றம். சிவப்பு முக்கோணம் எச்சரிக்கை மட்டுமே. வளைவுப் பாலங்களில் முக்கோணத்தை வைத்து, எந்த அகலத்துக்கு அந்த உயரம் கிடைக்கும் என்பதைச் சாலையிலும் பாலத்திலும் கோடிட்டுக் காட்டுகிறார்கள். எழுதும் எண் உண்மையான இடைவெளியைவிடக் குறைந்தது மூன்று அங்குலம் தாழ்வாகவே இருக்கும். வண்டி துள்ளுவதற்கு விடும் இடம் அது. மேலும் சில அங்குலம் இருக்கும் என்று நம்பி நுழைய அது இடம் தரவில்லை.

பலகை இருந்தும் மோதுவது ஏன்? நாள்தோறும் ஓடும் வழித்தடத்தில் பஸ் பாலத்தில் மோதுவது அரிது. அந்தத் தடம் ஏற்கெனவே அளந்து பார்க்கப்பட்டது. ஆபத்து தடம் விலகும்போது வருகிறது. விபத்தாலோ சாலைப் பணியாலோ வழி அடைபட்டு வண்டி வேறு பக்கம் திருப்பிவிடப்படும். பயணிகளை இறக்கிவிட்டுக் காலி வண்டியைப் பணிமனைக்கு ஓட்டிச் செல்பவர் குறுக்குவழி தேடுவார். ஒரு மாதமாக ஒற்றைத்தள வண்டியை ஓட்டியவருக்கு அன்று மட்டும் மாடி வண்டி தரப்பட்டிருக்கும். இரண்டுக்கும் ஸ்டீயரிங்கும் கண்ணாடியும் ஏறக்குறைய ஒன்றுபோல. தலைக்கு மேல் இன்னும் இரண்டு மீட்டர் இருப்பது அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. நேற்று இலகுவாகக் கடந்த பாலத்தை இன்றும் அதே கையோட்டத்தில் அணுகுகிறார். இந்த மூன்றாவது காரணம்தான் மிகவும் கொடியது, ஏனென்றால் இதில் சிக்குபவர் பெரும்பாலும் ஊர்வழி நன்கு தெரிந்த அனுபவசாலி. கார்களுக்காகச் செய்த வழிகாட்டிக் கருவியை நம்புவது இன்னொரு காரணம். அதற்கு வண்டியின் உயரம் தெரியாது.

பொறுப்பு யாருடையது என்பதில் சட்டம் முதலில் ஓட்டுநரைத்தான் பார்க்கிறது. மூன்று மீட்டருக்கு மேற்பட்ட வண்டியின் உயரம் ஓட்டுநர் பார்வையில் படும்படி குறைந்தது 40 மில்லிமீட்டர் அளவு எழுத்தில் இருக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் விதி. மோதினால் கவனக்குறைவாக ஓட்டியதாகவோ ஆபத்தாக ஓட்டியதாகவோ வழக்கு வரும். கவனக்குறைவால் பலத்த காயம் விளைந்தாலும் அபராதம், உரிமத்தில் கரும்புள்ளி போன்றவைதான் என்ற நிலை 2022 வரை இருந்தது. அந்த ஆண்டு முதல் அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. இதற்கு மேல், போக்குவரத்து ஆணையர் ஓட்டுநரை அழைத்து விசாரித்து, பஸ் ஓட்டும் உரிமத்தை நிறுத்திவைக்கலாம், பறிக்கவும் செய்யலாம்.

அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு இந்தக் கேள்வியின் கடினத்தைக் காட்டும். 2010 செப்டம்பர் 11 அதிகாலை, பிலடெல்ஃபியாவிலிருந்து டொராண்டோ சென்ற மெகாபஸ் நிறுவனத்தின் இரட்டை மாடி வண்டி, சிரக்யூஸ் நகரில் நிலையத்துக்குத் திரும்பும் வழியைத் தவறவிட்டது. ஓட்டுநர் சொந்த வழிகாட்டிக் கருவியைப் பார்த்துக்கொண்டு வேறு சாலையில் நுழைந்தார். அங்கிருந்த ரயில் பாலத்தின் உயரம் 10 அடி 9 அங்குலம், வண்டியோ ஏறக்குறைய 13 அடி. எச்சரிக்கைப் பலகைகளும் மின்னும் விளக்குகளும் இருந்தன. நான்கு பயணிகள் இறந்தார்கள். 2012இல் நீதிமன்றம் உயிரிழப்புக்குக் காரணமான குற்ற அலட்சியம் என்ற குற்றச்சாட்டிலிருந்து ஓட்டுநரை விடுவித்தது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அந்தத் தீர்ப்பு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே மனம் கூசுகிறது. ஆனாலும் பலகையைக் கவனிக்கத் தவறிய ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதால் அடுத்த வண்டி பாலத்தின் முன் நின்றுவிடாது.

நிற்கச் செய்யும் வழிகள் பெரும்பாலும் நிறுவனத்தின் கையில் உள்ளன. மாற்றுவழியை முன்கூட்டியே அளந்து எழுதித் தருவது, வண்டியின் வகை மாறும் நாளில் ஓட்டுநரிடம் அதைச் சொல்லி அனுப்புவது, பணிமனையைச் சுற்றியுள்ள தாழ்ந்த பாலங்களைப் படம் போட்டுச் சுவரில் மாட்டுவது எல்லாம் செலவில்லாத வேலைகள். செயற்கைக்கோள் வழியாக வண்டியின் இடத்தை அறிந்து, தாழ்ந்த பாலம் நெருங்கும்போது ஒலியெழுப்பும் கருவிகளும் வந்துவிட்டன. பிரிட்டனில் போக்குவரத்து ஆணையர்கள் நிறுவனத்தின் உரிமத்திலும் கைவைக்க முடியும். வழியைச் சோதிக்காமல் மாடி பஸ்ஸை அனுப்பியவரும் ஓட்டுநரோடு சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். அதுவே நியாயம்.

மோதிய பிறகும் ஓட்டுநரின் கடமை முடிவதில்லை. உத்தரம் சில அங்குலம் நகர்ந்தாலே மேலே தண்டவாளம் கோணலாகி ரயில் தடம்புரளக்கூடும். பாலத்தைச் சோதித்து முடிக்கும்வரை ரயில்களை நிறுத்துவார்கள் அல்லது மெதுவாக விடுவார்கள். தாமதத்துக்கும் பழுதுபார்ப்புக்கும் ஆகும் செலவை மோதிய வண்டியின் உரிமையாளரிடமிருந்து ரயில் நிறுவனம் வசூலிக்கிறது. அடித்துவிட்டுச் சொல்லாமல் போவது குற்றம். இதற்காகவே ரயில் பாலங்களில் அந்தந்தப் பாலத்தின் அடையாள எண்ணும் தொலைபேசி எண்ணும் எழுதிய பலகை இருக்கிறது. மோதலைப் பார்த்த வழிப்போக்கர் எவரும் அந்த எண்ணை உடனே அழைக்கலாம். அடுத்த ரயிலை நிறுத்த அந்தத் தகவல் போதும்.