பென்சிலும் அழிறப்பரும்

கடந்த வருடம் விஞ்ஞானக் கண்காட்சிக்கு நானும் என் தோழியும் ஒரு சிறிய கருவி செய்தோம். எங்கள் வாப்பா மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார். கூரைத் தாங்கி நிறைந்து வழியும். எனவே ஒரு மிதவையை மின்மணியோடு இணைத்தோம். தண்ணீர் மேல்மட்டத்துக்கு வந்ததும் மணி அடிக்கும். நடுவர் ஒருவர் பார்த்துவிட்டு, "மிதவையும் பழசு, மணியும் பழசு. இதில் உங்கள் கண்டுபிடிப்பு எங்கே?" என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். தோழிக்கு அழுகை, எனக்குக் கோபம். அந்தக் கோபத்தோடு தேடி வாசித்தபோதுதான், இதே கேள்வி அமெரிக்க நீதிமன்றங்களை நூற்றைம்பது வருடங்களுக்கும் மேலாக அலைக்கழித்து வருவது தெரிந்தது.

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு, பிறர் அதைச் செய்து விற்பதைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தடுக்கும் உரிமையை அரசு கொடுக்கிறது. அதுதான் பேட்டன்ட் எனப்படும் ஆக்கவுரிமை. நமது நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் இதற்கு இடமளிக்கிறது. ஆனால் பொருள் புதியதாக இருந்தால் மட்டும் போதாது. அந்தத் துறையில் சாதாரணத் தேர்ச்சியுள்ள ஒருவருக்கு இலகுவில் தோன்றக்கூடியதாகவும் அது இருக்கக் கூடாது. சிக்கல் முழுவதும் இந்த இரண்டாவது நிபந்தனையில்தான்.

நம் எல்லோருடைய பெட்டியிலும் கிடக்கும் பென்சிலையே எடுத்துக்கொள்வோம். பிலடெல்பியாவைச் சேர்ந்த ஹைமன் லிப்மன் 1858 மார்ச் 30இல் அழிறப்பர் பொருத்திய பென்சிலுக்கு ஆக்கவுரிமை பெற்றார். மரத்தின் முக்கால் பங்கு நீளத்தில் கரி, மீதிக் கால் பங்கில் றப்பர். இரு முனையையும் சீவிக்கொள்ளலாம். அந்த உரிமையை விலைக்கு வாங்கிய ஜோசப் ரெக்கென்டோர்பர், பென்சில் உற்பத்தியாளரான பேபர் மீது வழக்குத் தொடுத்தார். 1875இல் உயர் நீதிமன்றம் உரிமையே செல்லாது என்றுவிட்டது. பென்சில் எப்போதும்போல் எழுதுகிறது, றப்பர் எப்போதும்போல் அழிக்கிறது. ஒன்று மற்றொன்றின் வேலையை மாற்றவில்லை. ஒரே தடியைத் திருப்பிப் பிடிப்பது வசதிதான், ஆனால் வசதி வேறு, கண்டுபிடிப்பு வேறு. மர ஆலையில் மரத்தை நகர்த்தும் சட்டமும் அதை அறுக்கும் வாளும் அப்படியல்ல, இரண்டும் சேர்ந்தே ஒரு வேலையை முடிக்கின்றன என்று நீதிமன்றம் வேறுபாட்டையும் காட்டியது. லிப்மனை நினைத்தால் எனக்கு இன்னும் பாவமாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் பழையவற்றைச் சேர்ப்பவருக்கு ஒருபோதும் உரிமை கிடைக்காதா? 1966இல் தீர்ப்பான அடம்ஸ் என்பவரின் மின்கல வழக்கு அதற்கு மறுமொழி. மக்னீசியமும் குப்பிரசு குளோரைட்டும் மின்வாய்கள். தண்ணீர் ஊற்றினால் இயங்கும். தெரிந்த மின்கலத்தில் நாகத்துக்குப் பதில் மக்னீசியத்தையும், வெள்ளிக் குளோரைட்டுக்குப் பதில் குப்பிரசு குளோரைட்டையும் வைத்ததில் என்ன பெருமை என்று அரசாங்கம் வாதிட்டது. ஆனால் இராணுவ நிபுணர்களே முதலில் இது வேலை செய்யும் என்று நம்பவில்லை. அதுவரை இருந்த அறிவு அந்தப் பாதையில் போகாதே என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அடம்ஸ் போனார், எதிர்பாராத பலன் கிடைத்தது, உரிமையும் நிலைத்தது.

2007இல் வந்த கே.எஸ்.ஆர். வழக்கு இன்னும் நுணுக்கமானது. சாரதியின் உயரத்துக்கேற்ப நகர்த்தக்கூடிய கார் மிதிக்கட்டையில் ஓர் இலத்திரனியல் உணரியைப் பொருத்தியிருந்தார்கள். இரண்டும் முன்பே இருந்தவை. இவற்றைச் சேர்க்கும்படி தூண்டுகின்ற குறிப்பு முந்திய நூல்களிலோ ஆவணங்களிலோ இருக்கிறதா என்றே கீழுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் இறுக்கமாகத் தேடியது. எழுதிவைக்கப்பட வேண்டும் என்றில்லை என்றது உயர் நீதிமன்றம். கார்கள் இலத்திரனியலுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. அந்தத் தொழில் தெரிந்த எவரும் உணரியை அசையாத பகுதியில் பொருத்தத்தான் நினைத்திருப்பார். தேர்ச்சியுள்ளவர் இயந்திரமல்ல, அவருக்கும் சாதாரணக் கற்பனை உண்டு. ஆகவே உரிமை போயிற்று. அதேநேரம், எல்லாக் கண்டுபிடிப்பும் ஏற்கெனவே தெரிந்த பொருட்களால்தான் ஆனவை என்பதையும் அதே தீர்ப்பு ஒத்துக்கொள்கிறது. விடையைப் பார்த்த பிறகு எந்தக் கணக்கும் இலேசுதானே!

இப்போது எங்கள் மணிக்கு வருகிறேன். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்களின் நூலிலேயே மிதவையால் இயங்கும் அடைப்பான்கள் வருகின்றன. அது போகட்டும். எங்கள் வீட்டுக்குக் குழாய் பொருத்த வரும் பாஸிடம் கருவியைக் காட்டினேன். "இதை அரை மணித்தியாலத்தில் செய்து தந்திருப்பேனே, மகள்" என்றார். ஆகவே நடுவரின் முடிவு சரி. அவர் சொன்ன காரணம்தான் போதாது: இரண்டும் பழசு என்பதல்ல, இரண்டையும் சேர்ப்பது பாஸுக்கே தோன்றும் என்பதே காரணம்.

கருவி இன்னும் எங்கள் தாங்கியில்தான் இருக்கிறது. மூன்று மாதத்தில் மிதவையில் பாசி பிடித்து இறுகிவிட்டது. மணி அடிக்கவில்லை, தண்ணீர் வழிந்தது. அதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டதற்குப் பாஸ் தலையைச் சொறிந்தார். தோழி இப்போது அதில்தான் மினக்கெட்டுக்கொண்டிருக்கிறாள்.